ஒன்னே ஒன்னுன்னா எந்த பிஸ்டல்?

பாயிண்ட் டூ டூ கைத்துப்பாக்கி ஒன்னே ஒன்னுதான் வாங்கப் போறேன், எதை வாங்கறதுன்னு கேட்டா என் பதில் ஒரே வரி: 25 மீட்டர் போட்டி விதிக்குள்ள அடங்குற டார்கெட் பிஸ்டல். செகண்ட் ஹேண்டா இருந்தாலும் பரவாயில்லை. குட்டி ரிவால்வர் வேண்டாம். "அந்தக் காலத்து ஃபாரின் சரக்கு"ன்னு விலை சொல்ற பழசும் வேண்டாம். ஏன்னு சொல்லத்தான் மிச்சமெல்லாம்.

கேட்டது இங்கே ஐயம்பேட்டையில பக்கத்துத் தெரு தம்பி. தறிக்காரர் வீட்டுப் பையன். ஆறேழு மாசமா ஞாயித்துக்கிழமை ஆனா சென்னைக்கு ஒரு கிளப்புக்குப் போய்ச் சுடறான். சீட்டு எடுத்த பணம் கையில இருக்கு. "அண்ணா, வாழ்க்கையில ஒரு தடவைதான் வாங்குவேன், சரியா சொல்லிடுங்க"ன்னான். பட்டுத்தறி வீட்டுல ஒரு சீட்டுப் பணம்னா எத்தனை சேலையோட கூலின்னு எனக்குத் தெரியும். அதனால வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டுப் போக முடியலை.

முதல்ல சட்டத்தைப் பார்த்துடலாம். அமெரிக்காக்காரன் வீடியோவைப் பார்த்துட்டு ரூகர் மார்க் ஃபோர் நல்லதா, பிரவுனிங் பக்மார்க் நல்லதான்னு இங்கே உட்கார்ந்து பட்டிமன்றம் நடத்துறதுல அர்த்தமே இல்லை. ரெண்டும் நல்ல துப்பாக்கிதான். ரூகர் கம்பெனி 1949-ல ஆரம்பிச்சதே இந்த மாதிரி ஒரு பாயிண்ட் டூ டூ பிஸ்டலை வெச்சுத்தான். ஆனா அங்கே கடையில போய் எடுத்துட்டு வர்ற சாமான், இங்கே அப்படி இல்லை. 1980-கள் நடுவுல இருந்து சாதாரண ஆள் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி பண்ண வழி கிடையாது. தேசியப் போட்டியில குறிப்பிட்ட ஸ்கோர் எடுத்து, பேர் வாங்கின வீரர்களுக்குத்தான் அந்தக் கதவு திறக்கும்.

லைசென்ஸ் விஷயத்துலயும் ஒரு நுணுக்கம் இருக்கு. 1959 ஆயுதச் சட்டத்தோட 13-ஆம் பிரிவைப் படிச்சா, அங்கீகாரம் உள்ள ரைபிள் கிளப் உறுப்பினருக்குக் குறிபார்த்துச் சுடற பயிற்சிக்குன்னு பாயிண்ட் டூ டூ *ரைபிளுக்கு* லைசென்ஸ் தரணும்னே எழுதியிருக்கு. கைத்துப்பாக்கி அந்த வரியில இல்லை. அதுக்கு "தகுந்த காரணம்" இருக்குன்னு அதிகாரி திருப்தி அடையணும். அந்தக் காரணத்தை எங்கேருந்து கொண்டுவர்றது? கிளப் உறுப்பினர் அட்டை, போட்டிகள்ல எடுத்த ஸ்கோர், பயிற்சிச் சான்றிதழ். அதாவது "சும்மா ஜாலிக்கு" என்கிற வார்த்தை கலெக்டர் ஆபீஸ்ல எடுபடாது. விளையாட்டுன்னு போனாத்தான் காகிதம் நகரும். அப்போ விளையாட்டுக்குன்னு செஞ்ச துப்பாக்கியையே கேட்கறதுதானே நியாயம்? 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஒரு சாதாரண லைசென்ஸ்தாரர் வெச்சுக்கக்கூடிய எண்ணிக்கையும் மூணுல இருந்து ரெண்டா குறைஞ்சு போச்சு. விளையாட்டுக்காரங்களுக்குத் தனிச் சலுகை உண்டு, ஆனா அதையும் ஸ்கோர் காட்டித்தான் வாங்கணும்.

(லண்டன்ல இருக்கிற நம்ம சொந்தக்காரங்களுக்கு இந்தக் கவலையே இல்லை. டன்பிளேன் பள்ளிக்கூடக் கொலைகளுக்கு அப்புறம் 1997-ல அங்கே பாயிண்ட் டூ டூ கைத்துப்பாக்கியையும் சேர்த்தே தடை பண்ணிட்டாங்க.)

இப்போ குட்டி ரிவால்வர். தம்பி போன்ல முதல்ல காட்டினது அதைத்தான். கல்கத்தா பக்கத்துல இஷாப்பூர் ரைபிள் ஆலை செய்யற "நிடர்". பாயிண்ட் டூ டூ, கால் கிலோ எடை, நம்ம நாட்டுச் சரக்கு, விலையும் எட்டற தூரம். கேட்க நல்லாத்தான் இருக்கு. அது பையில வெச்சுக்க, தற்காப்புக்குன்னு செஞ்சது. அதைக் குறை சொல்லலை. ஆனா காகித அட்டையில ஓட்டை போட அதை வாங்கறது, பட்டு நெய்யப் போறவன் சாக்குத் தறி வாங்கற கதை.

கணக்காவே சொல்றேன். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவுல இருக்கிற தூரம்தான் குறியோட உயிர். போட்டி விதிப்படி அது 220 மில்லிமீட்டர் வரைக்கும் இருக்கலாம். அவ்வளவு நீளம் இருக்கிற பிஸ்டல்ல முன்முள் அரை மில்லிமீட்டர் விலகிச்சுன்னா, 25 மீட்டர் தள்ளி குண்டு சுமார் 57 மில்லிமீட்டர் விலகும். எட்டு பாயிண்ட். அதே அரை மில்லிமீட்டர் தப்பை, சைட்டுக்கு சைட் 10 சென்டிமீட்டரே இருக்கிற குட்டித் துப்பாக்கியில பண்ணினா 125 மில்லிமீட்டர் விலகும். ஆறு பாயிண்ட்தான், அதுவும் கறுப்பு வட்டத்துக்கு வெளியே. பத்தாவது வளையமே 5 சென்டிமீட்டர் அகலம்தான். இதுக்கு மேல எடை வேற இல்லை. கையில இருக்கிற நடுக்கமெல்லாம் அப்படியே அட்டையில தெரியும். டார்கெட் பிஸ்டல் ஒரு கிலோவைத் தொட்டு நிக்கும் (விதிப்படி 1400 கிராம் வரைக்கும் போகலாம்), அந்த எடையே பாதி நடுக்கத்தை முழுங்கிடும். ஒருத்தன் ஆசையா சுட ஆரம்பிச்சு ஆறே மாசத்துல விட்டுட்டுப் போறான்னா பெரும்பாலும் காரணம் இதுதான். தப்பு கையிலயா, துப்பாக்கியிலயான்னு கடைசி வரைக்கும் அவனுக்குத் தெரியாமலே போயிடுது.

அடுத்தது பழைய ஃபாரின் சரக்கு. இறக்குமதி நின்னு போனதால கோல்ட் உட்ஸ்மேன், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாதிரி பழசுங்களுக்கு இங்கே வர்ற விலை, அது பிறந்த ஊர்க்காரன் கேட்டா சிரிப்பான். அந்த விலை இரும்புக்கு இல்லை, கிடைக்காதுங்கிறதுக்கு. ஒரு ஃபயரிங் பின் உடைஞ்சா, ஒரு மேகசின் உதடு வளைஞ்சா எங்கே போய்த் தேடுவீங்க? மேகசின் விஷயத்தைச் சாதாரணமா எடுத்துக்காதீங்க. ரிம்ஃபயர் தோட்டாவுக்கு அடியில விளிம்பு துருத்திக்கிட்டு இருக்கும். வெடிக்கிற மருந்தே அந்த விளிம்புக்குள்ளதான். விளிம்பு ஒன்னுக்கு மேல ஒன்னு ஏறிக்கிச்சுன்னா அடுத்தது உள்ள போகாது. 1887-ல இருந்து இந்த லாங் ரைபிள் தோட்டா இருக்கு, இன்னிக்கு வரைக்கும் இதோட பாதிப் பிரச்சினை மேகசின்லதான்.

ஆக, மிச்சம் இருக்கிறது பார்தினி, வால்தர், மோரினி, ஹாம்மர்லி வகையறா. இதுல எது? "எது உசத்தி"ன்னு கேட்கறதே தப்பான கேள்வின்னு நினைக்கிறேன். உங்க கிளப்ல நாலு பேர் எதை வெச்சிருக்காங்களோ அதை வாங்குங்க. உதிரி பாகம் கிடைக்கும், கழட்டி மாட்டத் தெரிஞ்ச கை பக்கத்துல இருக்கும். வாங்கறதுக்கு முன்னாடி ஒவ்வொன்னுலயும் அம்பது ரவுண்டாவது சுட்டுப் பாருங்க. சீனியர்கள் பெரும்பாலும் தருவாங்க, தோட்டா மட்டும் உங்க காசு. பார்க்க வேண்டியது மூணே விஷயம். கண்ணை மூடிக்கிட்டு கையைத் தூக்கி, கண்ணைத் திறந்தா முள் நடுவுல நிக்குதா? ட்ரிக்கர் 1000 கிராம் எடையைத் தாங்குதா? (25 மீட்டர் விதி அதுதான். சிலர் லேசா வெச்சு சுகம் கண்டுட்டு போட்டி அன்னிக்கு எடைச் சோதனையில திருதிருன்னு முழிப்பாங்க.) மூணாவது, நீங்க தினமும் வாங்கப் போற சாதாரண தோட்டாவை அது ஒழுங்கா தின்னுதா? விலை உசந்த எலேயில மட்டும் ஓடற பிஸ்டல் நமக்கு எதுக்கு?

நம்ம தம்பி இடது கைக்காரன். விக்கறதுக்கு வர்ற பழைய பிஸ்டல்ல பெரும்பாலும் வலது கை மரக்கைப்பிடி. அது ஒரு குறையே இல்லை, கைப்பிடி தனியா கிடைக்கும். விலை பேசறப்போ அந்தக் காசைக் கழிச்சுக்கச் சொல்லியிருக்கேன்.

50 மீட்டர் ஃப்ரீ பிஸ்டல் பத்தியும் ஒரு வார்த்தை. ஒரு தடவைக்கு ஒரே தோட்டா, கையை அப்படியே உறை மாதிரி மூடற கைப்பிடி, நூல் மாதிரி ட்ரிக்கர். என்னைக் கேட்டா உலகத்துலயே அழகான ரிம்ஃபயர் அதுதான். 2014 உலகப் போட்டியில ஜித்து ராய் வெள்ளி வாங்கின பிரிவு. 2016 ரியோவுக்கு அப்புறம் ஒலிம்பிக்ல இருந்து தூக்கிட்டாங்க. ரெண்டாவதா வாங்க முடிஞ்சா கண்டிப்பா வாங்குங்க. ஒன்னே ஒன்னுன்னா கூடாது. 25 மீட்டர் பிஸ்டல் இருந்தா நிதானமாவும் சுடலாம், வேகமாவும் சுடலாம். 2024 பாரீஸ்ல மனு பாக்கர் நாலாவதா வந்தாங்களே, அந்தப் பிரிவுலயே பாதி நிதானம், பாதி வேகம். வேகப் பாதியில 3 செகண்டுக்கு ஒரு குண்டு, நடுவுல 7 செகண்ட் இடைவெளி. வருஷக்கணக்கா அலுக்காது.

நிற்க. இன்னும் லைசென்ஸ் வரலைன்னா சும்மா காத்துக்கிட்டு இருக்காதீங்க. .177 ஏர் பிஸ்டல், 20 ஜூலுக்குக் கீழன்னா லைசென்ஸ் வேண்டாம், அடையாளச் சான்று காட்டினா போதும். 10 மீட்டர் அட்டையில பத்தாவது வளையம் 11.5 மில்லிமீட்டர்தான். பாயிண்ட் டூ டூ மன்னிக்கிற தப்பை அது மன்னிக்காது. எங்க தெரு வீடுங்க நீளம், நடுக்கூடத்துல தறி. தறி ஓடாத நேரத்துல, நாடா ஓசை இல்லாதப்போ, வெறும் சுவத்தைப் பார்த்துக் குண்டில்லாம ட்ரிக்கர் இழுத்துப் பழகலாம். ஆனா ரிம்ஃபயர்ல அப்படி வெறுமனே இழுக்காதீங்க. ஃபயரிங் பின் சேம்பர் விளிம்புல போய் அடிச்சு அதைக் கெடுத்துடும். அதுக்குன்னே பிளாஸ்டிக் செருகி இருக்கு, அதைப் போட்டுட்டு இழுங்க.

அப்புறம் எங்கே வெக்கறது. எங்க ஊர் வீட்டுல வாசக்கதவு நாளெல்லாம் திறந்தே இருக்கும். பாவு கொண்டுவர்றவர், ஜரிகை கொடுக்க வர்றவர், பக்கத்து வீட்டுக் குழந்தைங்க, எல்லாரும் நேரா கூடத்துக்கு வருவாங்க. பூட்டு போட்ட இரும்புப் பெட்டி, தோட்டா வேற பெட்டியில, சாவி ஒருத்தர் கையில. கிளப்ல ஆயுத அறை வசதி இருந்தா இன்னும் நல்லது, அங்கேயே விட்டுட்டு வாங்க. வாலாஜாபாத்ல ரயில் ஏறி அதைத் தூக்கிக்கிட்டு அலையற வேலையும் மிச்சம். கொண்டுபோகத்தான் வேணும்னா காலி பண்ணி, உறையில போட்டு, லைசென்ஸ் புத்தகம் கையிலயே இருக்கட்டும்.

கடைசியா, இழுத்தும் வெடிக்காத தோட்டா. ரிம்ஃபயர்ல இது வரும், மருந்து விளிம்பு முழுக்கச் சமமா பரவியிருக்காது. என்ன ஆச்சுன்னு திருப்பிப் பார்க்கத்தான் கை போகும். பார்க்காதீங்க. குழல் அட்டையைப் பார்த்தபடியே முப்பது செகண்ட் நிக்கட்டும், அதுக்கப்புறம் மேகசினைக் கழட்டிட்டுத் திறங்க.