கப்பல் போன பிறகு...

பள்ளிக்கூடப் பாடத்தில் வ.உ.சி. கப்பல் வாங்குவார், செக்கு இழுப்பார், அத்தோடு பாடம் முடிந்துவிடும். அவர் விடுதலையானது 1912 டிசம்பரில். காலமானது 1936 நவம்பரில். இடையில் இருக்கும் 24 வருஷங்களைப் பற்றி எந்தப் பரீட்சையிலும் கேள்வி வருவதில்லை. வேலை போனவர்கள், ஊர் மாறியவர்கள், ரிட்டையர் ஆகி வீட்டில் என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருப்பவர்கள், துணையை இழந்தவர்கள்... இவர்களுக்குக் கப்பல் கதையைவிட அந்த 24 வருஷக் கதைதான் அதிகம் உதவும் என்பது என் எண்ணம்.

முதலில், அவர் எதையெல்லாம் இழந்தார் என்று பார்த்துவிடலாம். 1906-ல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி. அடுத்த வருஷமே காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள். 1908 மார்ச்சில் கைது, ஜூலையில் 40 வருஷத் தண்டனை. அப்போது அவருக்கு வயது 35. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து, நாலரை வருஷம் கழித்து வெளியே வந்தபோது கம்பெனி இல்லை. கப்பல் கைமாறிப் போயிருந்தது. வக்கீல் தொழில் செய்யும் உரிமை பறிபோயிருந்தது. அண்ணனுக்குக் கிடைத்த தண்டனையைக் கேட்ட அதிர்ச்சியில் தம்பி மீனாட்சிசுந்தரத்துக்குச் சித்தம் கலங்கிவிட்டது. இவர் பின்னால் திரண்டு வந்த ஊர், சிறை வாசலில் திரளவில்லை.

இவ்வளவையும் அவர் சலனமே இல்லாமல் தாங்கிக்கொண்டார் என்று எழுதினால் அது பொய். சிறையில் அதிகாரிகளோடு மல்லுக்கு நின்றதையெல்லாம் அவரே செய்யுளாக எழுதிய சுயசரிதையில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். கோபம் வந்திருக்கிறது, வேதனை வந்திருக்கிறது. நிலைகுலையாமல் இருப்பது என்றால் கண்ணீரே விடாமல் இருப்பது என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அழ வேண்டிய நேரத்தில் அழாதவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கவலையாக இருக்கும்.

அப்படியானால் அவரை எது பிடித்து நிறுத்தியது? தமிழ் வாசிப்பு. வக்கீலாக இருந்தபோதும் இருந்தது, கப்பல் கம்பெனி நடத்தியபோதும் இருந்தது, கைதி உடையிலும் இருந்தது. ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கிலேயர் எழுதிய சிறு நூலை 'மனம் போல வாழ்வு' என்று சிறைக்காலத்திலேயே தமிழாக்கினார். இன்று கடைகளில் குவிந்து கிடக்கும் தன்னம்பிக்கைப் புத்தகங்களுக்கெல்லாம் தாத்தா அந்த நூல்! வெளியே வந்த பிறகு சென்னையில் வாடகை வீடுகள், எடுபடாத சில்லறை வியாபாரங்கள், கையில் காசில்லாத மாதங்கள். அதற்கு நடுவிலும் 1914-ல் 'அகமே புறம்', பிறகு 'இன்னிலை'க்கு உரை, தொல்காப்பியம் இளம்பூரணர் உரைப் பதிப்பு என்று வேலை நடந்துகொண்டே இருந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்தப் பழக்கம் அவருடைய பதவியோடு ஒட்டியதல்ல. கம்பெனியைப் பறிக்கலாம், சன்னதைப் பறிக்கலாம், வாசிப்பைப் பறிக்க முடியாது. பெரிய மாற்றம் வரும்போது நாம் செய்யும் முதல் காரியம் என்ன? "எல்லாமே போச்சு, இனி புதுசா ஆரம்பிக்கணும்" என்று பழையதை மொத்தமாக மூட்டை கட்டிவிடுகிறோம். அது வேண்டாம். தூத்துக்குடியில் வளர்ந்து, கல்யாணமாகி பெங்களூரு போன பெண், வாரம் ஒருநாள் தானே மார்க்கெட்டுக்குப் போய் மீன் பார்த்து வாங்கட்டும். அது குழம்புக்காக மட்டுமல்ல. முப்பது வருஷம் காலை ஷிப்டுக்கு எழுந்தவர், ஓய்வு பெற்ற பிறகும் அதே நேரத்துக்கு எழுந்து நடக்கட்டும்.

இந்தக் கரைக்கு இது புதிதல்ல. தூத்துக்குடியில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனது. தலைமுறை தலைமுறையாக வந்த ஒரு தொழில், அடுத்த சீசன் இல்லாமல் போனது. மூச்சடக்கி மூழ்கத் தெரிந்தவர்களுக்கு அந்தக் கடலில் சங்கு மிச்சமிருந்தது. முத்து போனாலும் மூச்சு அவர்களிடம்தானே இருந்தது!

முத்துக்குளிப்பில் இன்னொரு விஷயமும் உண்டு. காலில் கல்லோடு குளியாள் இறங்குவார். தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கீழிருந்து கயிற்றை அசைத்தால் மேலே இருப்பவர் இழுத்துவிட வேண்டும். எவ்வளவு கெட்டிக்காரக் குளியாளும் கயிறு பிடிக்க ஆள் இல்லாமல் இறங்கியதில்லை. நம் வீடுகளில் பிரச்னையே இங்குதான். மூச்சு முட்டும், ஆனால் கயிற்றை அசைக்கக் கௌரவம் தடுக்கும். குறிப்பாக ஆண்களுக்கு.

வ.உ.சி. அசைத்தார். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்காகக் கொடுத்த பணம் காந்தியிடம் இருந்தது. சென்னையில் கஷ்டத்தில் இருந்த வ.உ.சி., தன் நிலைமையை ஒளிக்காமல் கடிதம் எழுதினார். பதில் வந்தது, மீண்டும் எழுதினார். பல கடிதங்களுக்குப் பிறகு 1916-ன் தொடக்கத்தில் 347 ரூபாய் 12 அணா வந்து சேர்ந்தது. ஒரு காலத்தில் கப்பலுக்காக லட்சக்கணக்கில் திரட்டியவர், தன் குடும்பத்துக்காக இந்தத் தொகையைக் கேட்டு எழுதியிருக்கிறார். கேட்டதால் அவர் ஒரு அங்குலமும் குறைந்துவிடவில்லை.

தம்பி மீனாட்சிசுந்தரத்தின் கதையையும் மறந்துவிடக்கூடாது. அதே வீடு, அதே செய்தி. ஒருவர் தாங்கினார், ஒருவரால் முடியவில்லை. அதைக் கோழைத்தனம் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அந்தக் காலத்தில் வைத்தியம் எட்டாத தூரத்தில் இருந்தது, இன்று அப்படியில்லை. உங்கள் வீட்டில் ஒருவருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, "நான் எதுக்கு இருக்கணும்" என்ற பேச்சு வருகிறது என்றால், அறிவுரை சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். டாக்டரிடம் அழைத்துப் போங்கள். உடனே பேச வேண்டுமென்றால் 14416 என்ற எண் இருக்கிறது. மத்திய அரசின் டெலி மானஸ். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

பிற்பாடு, வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் வ.உ.சி.க்கு வக்கீல் தொழில் திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காகத் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார், தண்டனை கொடுத்ததும் ஆங்கிலேய நீதிபதிதான் என்றாலும்கூட. கோவில்பட்டியில் சில வருஷம் வழக்கு நடத்திவிட்டு 1932-ல் தூத்துக்குடிக்கே வந்தார். திருக்குறள் அறத்துப்பாலுக்குத் தான் எழுதிய உரையை 1935-ல் வெளியிட்டார், காலமாவதற்கு முந்தைய வருஷம்.