திரும்பி வரும் பிள்ளைக்கு யார் துணை?

ஐந்தாம் நாள் நண்பகல் வாக்கில் முடிவு தெரிந்துவிடும். பெங்களூருவிலோ போபாலிலோ உள்ள படை அதிகாரித் தேர்வு மையத்தில், மார்பிலும் முதுகிலும் எண் கட்டிய பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். அதிகாரி ஒருவர் வந்து எண்களைப் படிப்பார். தன் எண்ணைக் கேட்டவர் எழுந்து முன்னால் போவார். சில அணிகளில் நான்கைந்து பேர் எழுவார்கள், சிலவற்றில் ஒருவர், யாருமே எழாத நாளும் உண்டு. மற்றவர்கள் எண் துணியை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, முதல் நாள் ஒப்படைத்த கைப்பேசியை வாங்கிக்கொண்டு, ரயில் நிலையம் போகும் வண்டியில் ஏறுகிறார்கள். வயது பதினேழு, பதினெட்டு. ஏன் வேண்டாம் என்றார்கள் என்பது அவர்களுக்குச் சொல்லப்படுவதில்லை.

அந்த வண்டியில் ஏறும் பிள்ளைகளைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. தேர்வானவர் வீட்டு வாசலில் பதாகை வைக்கிறோம், பள்ளியில் மாலை போடுகிறோம், நாளிதழில் படம் வெளியிடுகிறோம். எல்லாம் வேண்டியதுதான். ஆனால் ராணுவ அதிகாரி ஆகவேண்டும் என்ற ஆசையை ஒரு பிள்ளையின் மனத்தில் விதைத்ததில் வீட்டுக்கும் பள்ளிக்கும் திரைப்படத்துக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் பங்கு இருக்கிறது. கிடைக்காமல் போகும்போது மட்டும் அது அந்தப் பிள்ளையின் தனிச்சுமை ஆகிவிடுகிறது. விதைத்தவர்கள் எல்லாரும் இந்தச் சுமையிலும் கைகொடுக்க வேண்டும்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். புணேவை அடுத்த கடக்வாஸ்லாவில் உள்ள தேசிய பாதுகாப்பு அகாடமிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை யு.பி.எஸ்.சி. எழுத்துத் தேர்வு நடத்துகிறது. ஒவ்வொரு முறையும் கேரளத்தின் ஏழிமலையில் உள்ள கடற்படை அகாடமியையும் சேர்த்துச் சுமார் 400 இடங்கள். பெண்களும் எழுதலாம் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட 2021ஆம் ஆண்டின் இரண்டாவது தேர்வுக்கு 5,75,856 பேர் விண்ணப்பித்தார்கள். எழுத்துத் தேர்வைத் தாண்டியவர்கள் 8,009 பேர். அவர்களில் 1,002 பேர் பெண்கள். அந்த முறை பெண்களுக்கு இருந்த இடங்கள் 19. முதல் பெண்கள் அணியாக 17 பேர் 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளியே வந்தபோது நாடே மகிழ்ந்தது. எழுத்துத் தேர்வில் வென்றும் இடம் கிடைக்காமல் போன மீதிப் பெண்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர். இந்தக் கணக்கை அறிந்த யாரும் அவர்களைத் தோற்றவர்கள் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் அந்த ஆயிரம் வீடுகளில் எத்தனையில் இந்தக் கணக்கு பேசப்பட்டிருக்கும்?

தேர்வு மையத்தில் என்ன நடக்கிறது என்பதும் பெற்றோரில் பலருக்குத் தெரியாது. எழுத்துத் தேர்வுக்கு 900 மதிப்பெண்; எஸ்.எஸ்.பி. என்று எல்லாரும் சொல்லும் இந்த ஐந்து நாள் தேர்வுக்கும் அதே 900. முதல் நாளே ஸ்கிரீனிங்கில் பெரும்பகுதியினரைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். தங்கியவர்களுக்கு மறுநாள் உளவியல் தேர்வு: படத்தைப் பார்த்துக் கதை எழுதவேண்டும், 15 நொடிக்கு ஒரு சொல்லாக 60 சொற்களுக்கு மனத்தில் பட்டதை எழுதவேண்டும், 30 நிமிடத்தில் 60 சூழ்நிலைகளுக்கு என்ன செய்வேன் என்று பதில் தரவேண்டும். பிறகு வெளித்திடல். பலகையும் கயிறும் மரத்துண்டும் கொடுத்து, தரையில் கால் படாமல் குழுவோடு மறுபக்கம் கடக்கச் சொல்கிறார்கள். நேர்முகம் தனி. கடைசி நாள் கான்ஃபரன்ஸில் மதிப்பீட்டாளர்கள் எல்லாரும் ஒன்றாக அமர்ந்து முடிவெடுக்கிறார்கள். அதிகாரிக்குரிய 15 குணங்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். அவை இந்தப் பிள்ளையிடம் இந்த ஐந்து நாளில் தெரிந்தனவா என்பதுதான் கேள்வி.

இரண்டாம் உலகப் போரின்போது அதிகாரிகளை விரைவாகத் தேர்ந்தெடுக்க ஆங்கிலேயர் உருவாக்கிய முறை இது. ஒரு குறிப்பிட்ட வேலைக்கு, ஒரு குறிப்பிட்ட வாரத்தில், ஒருவர் பொருந்துகிறாரா என்று பார்க்க ஏற்பட்டது. பிள்ளையின் நேர்மைக்கோ துணிச்சலுக்கோ நாட்டுப்பற்றுக்கோ அது தரும் சான்றிதழ் கிடையாது. வீட்டில் இருப்பவர்கள் புரிந்துகொள்ள வேண்டியதில் முக்கியமானது இதுவே. ஏனென்றால் காரணம் சொல்லப்படாத மறுப்பைப் பெற்றுவரும் பிள்ளை, தானே ஒரு காரணத்தைத் தேடிக்கொள்ளும். ‘என்னிடம் தலைமைக் குணம் இல்லை’, ‘நான் கோழை’ என்று அது தன்மேலேயே பழி போட்டுக்கொள்ளும். கணக்கில் தோற்றவன் அடுத்த முறை கணக்கைப் படிக்கலாம். குணத்தில் தோற்றதாக நினைப்பவன் எதைப் படிப்பான்?

கைப்பேசி கைக்கு வந்ததும் முதல் அழைப்பு வீட்டுக்குத்தான் போகும். அந்த அழைப்பில் அப்பா முதலில் என்ன சொல்கிறார் என்பது பிள்ளையின் அடுத்த பல மாதங்களைத் தீர்மானித்துவிடும். ‘எங்கே தப்பு பண்ணினே?’ என்று கேட்கிற வீடுகள் இருக்கின்றன. ‘உங்க சித்தப்பாகிட்ட என்ன சொல்றது?’ என்று கேட்கிற வீடுகளும் இருக்கின்றன. இரண்டும் கோபத்தில் வருவதில்லை, ஏமாற்றத்தில் வருகின்றன என்பது உண்மை. ஆனால் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, மொழி தெரியாத ஊரின் நடைமேடையில் பெட்டியோடு நிற்கும் பிள்ளைக்கு அந்த வேறுபாடு தெரியாது. ‘சாப்பிட்டியா? டிக்கெட் உறுதியாச்சா? பத்திரமா வா, வந்ததும் பேசிக்கலாம்’ என்ற மூன்று வார்த்தை போதும். உறவினருக்குச் சொல்வதையும் பெற்றோரே ஏற்கவேண்டும். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பிள்ளை விளக்கம் சொல்லும்படி விடக்கூடாது. வீட்டுக்கு வந்த பிள்ளை ஒரு வாரம் பேசாமல் இருந்தால் இருக்கட்டும். தூக்கமும் சாப்பாடும் கெட்டு, வாழ்ந்து பயனில்லை என்பது போன்ற பேச்சு வந்தால் மட்டும் தாமதிக்க வேண்டாம். தமிழ்நாட்டில் 104, நாடு முழுவதற்கும் டெலி மானஸ் எண் 14416, இரண்டிலும் மனநல ஆலோசனை கிடைக்கிறது. மருத்துவ நுழைவுத் தேர்வு நம்மிடமிருந்து பறித்த பிள்ளைகளை நினைவில் வைத்திருக்கும் மாநிலம் இது. இன்னொரு தேர்வுக்கு அந்தப் பாடத்தை முதலிலிருந்து படிக்க வேண்டியதில்லை.

தேர்வு வாரியங்களிடம் கேட்கவேண்டியதும் உண்டு. முடிவை அறிவிக்குமுன் மூத்த அதிகாரி ஒருவர் பிள்ளைகளிடம் பேசுவது வழக்கம். கிடைக்காவிட்டால் மனம் தளராதீர்கள் என்று நல்ல வார்த்தைதான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பேச்சு நடக்கும்போது அடி இன்னும் விழவில்லை. விழுந்த பிறகு சொல்ல ஆள் இல்லை, வண்டிதான் நிற்கிறது. குறைகளைச் சொல்லிவிட்டால் அதை வைத்துப் பயிற்சி நிலையங்கள் பிள்ளைகளை நடிக்கப் பழக்கிவிடும் என்ற அச்சம் வாரியங்களுக்கு இருக்கலாம். அது நியாயமான அச்சமே. மதிப்பீட்டின் நுணுக்கங்களை வெளியிட வேண்டாம். வண்டி ஏறுமுன் உளவியலாளர் ஒருவரோடு பத்து நிமிடம், ‘உன்னிடம் நாங்கள் கண்ட நல்லது இது, வளர்க்கவேண்டியது இது’ என்று இரண்டு வரி. இதைக் கொடுப்பதால் தேர்வின் தரம் குறையாது. உளவியல் ஆய்வுக்கென்றே டெல்லியில் ஒரு நிறுவனம் வைத்திருக்கும் பாதுகாப்புத் துறைக்கு இது இயலாத காரியமும் இல்லை. முதன்முறை வரும் பிள்ளைக்கு ரயில் கட்டணத்தைத் திருப்பித் தரும் துறை, போகும் பிள்ளைக்கு இரண்டு வரி தரலாம்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். எழுத்துத் தேர்வின் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். குழு விவாதமும் அப்படியே. மொழிப் புலமையை மதிப்பிடுவதில்லை என்று சொல்லப்பட்டாலும், சிவகங்கையிலோ தருமபுரியிலோ தமிழ்வழியில் படித்த பிள்ளை ஒரு வாக்கியத்தை மனத்துக்குள் கட்டி முடிப்பதற்குள் விவாதம் அடுத்த பேச்சாளரிடம் போய்விடுகிறது. அவன் பேசாமல் இருந்தது தயக்கமாகப் பதிவாகலாம். மத்திய ஆயுதக் காவல் படைகளின் காவலர் தேர்வு 2024 முதல் தமிழ் உள்ளிட்ட 13 மாநில மொழிகளிலும் நடக்கிறது. அதிகாரி நிலைக்கும் எழுத்துத் தேர்விலாவது இது வரவேண்டும் என்று தமிழக நாடாளுமன்ற உறுப்பினர்கள் கட்சி பார்க்காமல் கேட்கவேண்டும். அது வரும்வரை ஆங்கிலத்தில் எழுந்து நின்று பேசும் பழக்கத்தைப் பள்ளிகள் ஒன்பதாம் வகுப்பிலேயே கொடுக்கட்டும். மொழியால் தடுக்கப்பட்ட பிள்ளை தன் குணத்தைப் பழிக்காமல் இருப்பதற்காவது உதவும்.

பயிற்சி நிலையங்களின் பதாகைகளில் சிரிக்கும் முகங்களை மட்டுமே காண்கிறோம். எத்தனை பேரை அனுப்பினார்கள், எத்தனை பேர் தேர்வானார்கள் என்ற எண் இருக்காது. பயிற்சித் துறையின் தவறான விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டிருக்கிறது. பணம் கட்டும் பெற்றோர் அந்த எண்ணைக் கேட்டு வாங்கவேண்டும். எண்ணைத் தர மறுக்கும் நிலையத்தில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.

அடுத்தது நாட்காட்டி. ஏப்ரலில் எழுத்துத் தேர்வு எழுதிய பிள்ளைக்கு எஸ்.எஸ்.பி. அழைப்பு பொதுவாக ஜூலைக்குப் பிறகுதான் வரும். அதற்குள் கல்லூரிச் சேர்க்கை முடிந்துவிடும். ‘எப்படியும் கிடைச்சிடும்’ என்று கல்லூரியில் சேர்க்காமல் காத்திருந்த வீடுகளில் மறுப்போடு ஓர் ஆண்டும் போய்விடுகிறது. சைனிக் பள்ளி மாணவர்களின் நிலைமை இன்னும் கடினம். உடுமலைப்பேட்டை அருகே அமராவதிநகரில் 1962 முதல் இயங்கும் சைனிக் பள்ளி, அகாடமிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வதற்காகவே ஏற்பட்டது. ஆறாம் வகுப்பில் சேர்ந்து ஏழு ஆண்டுகள் ஒரே திசையில் நடந்தவனுக்கு வேறு திசைகளும் இருப்பதைச் சொல்லும் பொறுப்பு, பிளஸ் டூ முடிந்த பிறகு தொடங்குவதாக இருக்கக்கூடாது.

மறுப்புகளில் இறுதியானது எது, இல்லாதது எது என்று பிரித்துச் சொல்ல ஆள் வேண்டும். விமானிக்கான கணினித் தேர்வு வாழ்நாளில் ஒரு முறைதான். அதில் தவறினால் விமானம் ஓட்டும் பிரிவு மூடியதுதான். அதை மழுப்பாமல் சொல்லிவிடுவதே நல்லது. மருத்துவத்தில் தகுதியில்லை என்றால் 42 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். இந்த ஒரு விவரம் தெரியாமலே திரும்பியவர்கள் இருக்கிறார்கள். அகாடமித் தேர்வுக்கு 16½ முதல் 19½ வயது வரை. அதன்பின் பட்டம் முடித்துக் கம்பைண்டு டிஃபென்ஸ் தேர்வு வழியாக டேராடூன் அகாடமிக்கோ பரங்கிமலை அகாடமிக்கோ 24, 25 வயது வரை போகலாம். என்.சி.சி. சிறப்பு நுழைவு இருக்கிறது, பொறியியல் படித்தவர்களுக்குத் தனி வழி இருக்கிறது. ‘அமரன்’ படம் பார்த்துவிட்டுக் கடக்வாஸ்லாவைக் கனவு காணும் பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லுங்கள்: அந்தப் படத்தின் நாயகன், 2014இல் காஷ்மீரின் சோபியானில் உயிர்நீத்து அசோக சக்ரா பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜன் கடக்வாஸ்லாவில் படித்தவர் அல்லர். கல்லூரிப் படிப்பு முடித்து, பரங்கிமலையில் பயிற்சி பெற்று, 2006இல் அதிகாரி ஆனவர்.

ஆறுதலுக்கு நாம் சொல்லும் அப்துல் கலாம் கதையும் உண்மைதான். டேராடூனில் விமானப்படைத் தேர்வில் எட்டு இடங்களுக்கு ஒன்பதாவதாக வந்து, மனம் உடைந்து ரிஷிகேசம் போனதை அவரே எழுதியிருக்கிறார். ஆனால் அதைச் சொல்லிவிட்டால் ஆறுதல் சொல்லும் கடமை முடிந்துவிட்டதாக நாம் நினைக்கிறோம். குடியரசுத் தலைவர் ஆனால்தான் அந்தத் தோல்விக்குப் பொருள் என்பதுபோல் அது சில பிள்ளைகளின் காதில் விழுகிறது. நல்ல ஆசிரியராக, கணக்காளராக, விவசாயியாக, காவல் துறை உதவி ஆய்வாளராக வாழ்வதும் முழுமையான வாழ்க்கையே என்று சொல்லும் துணிவு நமக்கு வேண்டும்.

இதையெல்லாம் சொல்ல மிகவும் ஏற்றவர்கள் முன்னாள் படைவீரர்கள். வீட்டுக்கு ஒருவராவது படைக்குப் போனதாகப் பெயர்பெற்ற வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையைப் போன்ற ஊர்கள் நம்மிடம் இருக்கின்றன. சீருடை அணிந்திருந்தவர் வாயிலிருந்து ‘தம்பி, இதனால நீ குறைஞ்சு போகல’ என்று வருவதற்குத் தனி வலிமை உண்டு. மாவட்டங்களில் முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு எஸ்.எஸ்.பி. பருவம் முடிந்ததும் ஒரு சனிக்கிழமை, திரும்பிவந்த பிள்ளைகளையும் பெற்றோரையும் அழைத்து, ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரையும் மனநல ஆலோசகர் ஒருவரையும் உட்கார வைத்துப் பேசச் சொன்னால் பெரிய செலவு ஆகாது. மாவட்ட ஆட்சியர்கள் நினைத்தால் இந்த ஆண்டே தொடங்கலாம்.

உங்கள் தெருவிலும் அப்படியொரு பிள்ளை திரும்பி வந்திருக்கக்கூடும். இந்த வாரம் ஒரு நடை அந்த வீட்டுக்குப் போய் வாருங்கள். தேர்வில் என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். அடுத்து என்ன செய்ய நினைக்கிறாய், நான் என்ன உதவட்டும் என்று கேளுங்கள்.