'பயமா இருக்கும்மா... நான் போகலை!'

பிளஸ் டூவில் நல்ல மார்க். கல்லூரி உதவித்தொகைக்கான இன்டர்வியூ கடிதமும் வந்தாச்சு. ஆனால் மகளோ, "வயித்தைக் கலக்குதும்மா, நான் போகலை" என்கிறாள். "சரி, விடு கண்ணு" என்று அம்மாவும் இறங்கி வருகிறார். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இறங்கி வராதீர்கள் என்பேன்.

திருப்பூர் முதலிபாளையம் மாதிரி ஊரில் இது இன்னும் முக்கியம். இன்டர்வியூவுக்குப் போகாத பெண்ணுக்கு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை சுலபமாகக் கிடைத்துவிடும். வாரச் சம்பளம் வேறு! அந்த வேலை மட்டமில்லை. ஆனால் அதே ஊரில் நிஃப்ட்-டீ பின்னலாடைக் கல்லூரியும் இருக்கிறதே! கம்பெனியா, கல்லூரியா என்பதைப் படபடப்பா முடிவு செய்வது?

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இது கோழைத்தனம் இல்லை. அட்ரினலின் சுரப்பதால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, வாய் உலர்கிறது, கை வியர்க்கிறது. ஜெர்மனியின் ட்ரையர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மன அழுத்தத்தை நிச்சயமாக உண்டாக்க ஒரு பரிசோதனையை உருவாக்கி 1993-ல் வெளியிட்டார்கள். என்ன செய்தார்கள் தெரியுமா? நடுவர்கள் முன்னால் நிறுத்தி, வேலை கேட்பதுபோலப் பேசச் சொன்னார்கள். மனக்கணக்கும் போடச் சொன்னார்கள். அவ்வளவுதான்! ஆரோக்கியமானவர்களுக்கே இதயத் துடிப்பும் கார்டிசால் ஹார்மோனும் எகிறின.

போகாமல் விட்டால் அன்றைக்கு நிம்மதிதான். ஆனால் 'ஒதுங்கினால் தப்பிக்கலாம்' என்று மனசு பழகிவிடும். அடுத்த முறை பயம் இரட்டிப்பாகும்.

பல பிள்ளைகளுக்கு உள்ளூர இன்னொரு கூச்சம்... வீட்டு நிலைமையைச் சொல்ல வேண்டுமே! நடிகர் சூர்யாவின் அகரம் பவுண்டேஷன் 2010-ல் தொடங்கிய 'விதை' திட்டத்தில், தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். கஷ்டத்தைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கேள்விகள். கேலி செய்ய அல்ல. "அப்பா டெய்லருங்க, அம்மா பிசிறு வெட்டறாங்க. வீட்டில் நான்தான் முதலில் காலேஜ் போறேன்" என்று நேராகச் சொன்னால் போதும்.

பெற்றோர் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். இரண்டு நாள் முன்பே, பக்கத்து வீட்டு ஆசிரியரைக் கேள்வி கேட்கச் சொல்லிப் பழக்குங்கள். முதல் நாள் இரவு உபதேசம் வேண்டாம்; தூங்கட்டும். காலையில் இரண்டு இட்லியாவது சாப்பிடட்டும். வெறும் வயிற்றில் காபி குடித்தால் படபடப்பு கூடும். காத்திருக்கும்போது மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடச் சொல்லுங்கள். கூடவே போங்கள், ஆனால் வெளியே உட்காருங்கள். "குடும்ப மானமே உன் கையிலதான்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்!

வாரக்கணக்கில் தூக்கமில்லை, வெளியே வரவே பயப்படுகிறாள் என்றால் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். டெலி மானஸ் 14416-ல் இலவசமாகவே ஆலோசனை கேட்கலாம்.

உதவித்தொகை கிடைக்காமலும் போகலாம். போகட்டுமே! நடுங்கிக்கொண்டே உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தவளுக்கு, அடுத்த இன்டர்வியூ இத்தனை பெரிய மலையாகத் தெரியாது.