விடாத சளி, உப்புக் கரிக்கும் வியர்வை... 'வெளிநாட்டு நோய்' இந்தியக் குழந்தைகளுக்கும் வருமா? எய்ம்ஸ் ஆய்வு சொல்வது என்ன?

ஜவளகிரியில் ஒரு குழந்தைக்கு ஆறு மாதமாக சளி விடவில்லை என்று வைத்துக்கொள்வோம். "மலைக்காத்து ஒத்துக்கல" என்பார்கள் வீட்டில். ஓசூர் பக்கம் வேலைக்குப் போகிற அப்பா, சிப்காட் புகையைச் சொல்வார். டாக்டர் காசநோயாக இருக்குமோ என்று சந்தேகப்படலாம். பெரும்பாலும் காரணம் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். ஆனால், அரிதாக மரபணுவே காரணமாக இருக்கலாம். அதன் பெயர் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்.

உடம்பில் என்ன நடக்கிறது?

1989-ல் லாப்-சீ சுய், ஜான் ரியோர்டன், பிரான்சிஸ் காலின்ஸ் ஆகியோரின் குழுக்கள், 7-வது குரோமோசோமில் சி.எஃப்.டி.ஆர். என்ற மரபணுவைக் கண்டுபிடித்தன. செல்களுக்கு உள்ளேயும் வெளியேயும் உப்பும் நீரும் போய்வர வழிவிடுவது இதன் வேலை. இது பழுதானால் நுரையீரல் சளி பசை மாதிரி கெட்டியாகி, கிருமிகள் அங்கேயே தங்கிவிடும். கணையமும் அடைபடுவதால் சாப்பாடு சரியாகச் செரிக்காது. குழந்தைக்கு எடை ஏறாது, மலம் எண்ணெய்ப் பசையோடு போகும். முத்தம் கொடுத்தால் உப்புக் கரிக்கும்.

இந்தியாவில் இல்லை என்று ஏன் நினைத்தார்கள்?

ஐரோப்பியர்களுக்குத்தான் இது வரும் என்ற எண்ணம் டாக்டர்களிடமே நீண்ட காலம் இருந்தது. சந்தேகமே வராததால் பரிசோதனையும் நடக்கவில்லை. அதை மாற்றியதில் டெல்லி எய்ம்ஸ் குழந்தைகள் நல மருத்துவர் சுஷில் குமார் காப்ரா, மரபியல் மருத்துவர் மதுலிகா காப்ரா ஆகியோரின் பங்கு பெரியது.

நோயை உறுதி செய்ய வியர்வையில் உள்ள குளோரைடை அளக்க வேண்டும். லிட்டருக்கு 60 மில்லிமோலுக்கு மேல் இருந்தால் இந்த நோயாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். அதற்கு வெளிநாட்டுக் கருவியையே நம்பியிருக்காமல், உள்நாட்டிலேயே செய்யக்கூடிய முறையை உருவாக்கி 2002-ல் இவர்கள் குழு வெளியிட்டது.

அடுத்து 2006-ல் வெளியான ஆய்வில், 955 குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதித்தார்கள். 238 பேரில் ஒருவரிடம், எஃப்508டெல் என்ற பழுது மறைந்திருந்தது. அதை வைத்து, சுமார் 43,000 முதல் 1 லட்சம் பிறப்புகளில் ஒன்றுக்கு இந்த நோய் இருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். அரிய நோய்தான். ஆனால் பிறப்பு எண்ணிக்கை அதிகமுள்ள நம் நாட்டில், ஆண்டுதோறும் சில நூறு குழந்தைகள் என்று ஆகிறது.

சொந்தத்தில் கல்யாணம் செய்தால் ஆபத்தா?

அம்மா, அப்பா இருவரிடமும் பழுதான மரபணு இருந்தால்தான், ஒவ்வொரு பிரசவத்திலும் 25 சதவீத வாய்ப்பு. தேசியக் குடும்ப நல ஆய்வு-5 படி, தமிழ்நாட்டில் சுமார் 28 சதவீதத் திருமணங்கள் சொந்தத்துக்குள் நடந்தவை. எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகாவிலும் ஏறக்குறைய அதே நிலைதான். தாய்மாமனிடம் பழுது இருந்தால் அக்கா மகளிடமும் அது இருக்க நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. வெளியில் பெண் எடுத்தால், எஃப்508டெல் பழுதைப் பொறுத்தவரை அது 238-ல் ஒன்று அளவில்தான். சொந்தக் கல்யாணம் நோயை உண்டாக்குவதில்லை. குடும்பத்தில் ஏற்கெனவே மறைந்திருப்பதை ஒன்று சேர்க்கிறது.

மருந்து இருக்கிறதா?

2019-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டிரிகாஃப்டா, பழுதான புரதத்தையே சீராக்குகிறது. அப்போதைய விலை ஆண்டுக்கு 3.11 லட்சம் டாலர். ரூபாயில் 2 கோடிக்கும் மேல். மத்திய அரசின் அரிய நோய்க் கொள்கை தரும் உச்சவரம்பு உதவியோ 50 லட்சம்தான். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இந்த மருந்து முக்கியமாகக் குறிவைக்கும் எஃப்508டெல், ஐரோப்பாவை விட இந்திய நோயாளிகளிடம் குறைவு. அதனால் நம் மக்களிடம் உள்ள மரபணு மாற்றங்களைத் தேடிப் பட்டியலிடும் ஆய்வு இங்கேயே நடந்தாக வேண்டும்.

அதற்காகக் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. நெபுலைசர், சளி வெளியேற்றும் பிசியோதெரபி, செரிமான என்சைம் மாத்திரை, ஆன்டிபயாட்டிக், சத்தான சாப்பாடு, வெயில் காலத்தில் கூடுதல் உப்பு ஆகியவை ஆயுளைக் கூட்டும். எவ்வளவு சீக்கிரம் தெரிகிறதோ, அவ்வளவு நுரையீரல் மிஞ்சும்.

உங்கள் குழந்தைக்கு அடிக்கடி நிமோனியா வருகிறதா? எடையும் ஏறவில்லையா? வியர்வை உப்புக் கரிக்கிறதா? டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "வியர்வை டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா?"