எதிர்ப்பாதி

நாள்தோறும் செய்தித்தாள் படிப்போர் ஒரு வகைச் செய்தியை அடிக்கடி கண்டிருப்பர். ஒரு நாட்டின் வெளியுறவு அமைச்சர் மற்றொரு நாட்டுக்குச் செல்கிறார். அங்கே அந்நாட்டின் வெளியுறவு அமைச்சருடன் அமர்ந்து பேசுகிறார். இவ்விரண்டாமவரை முதலாமவருடைய 'கவுன்டர்பார்ட்' என்று ஆங்கிலத் தாள்கள் ஒரே சொல்லில் குறிக்கும். நம் தாள்களோ, 'அதே பதவியில் உள்ளவர்' என்றும், 'ஒத்த நிலையினர்' என்றும் விரித்து எழுதும். இரண்டு பொருள்கள் ஒன்றுக்கொன்று நேராக நிற்குமிடத்திலெல்லாம் ஆங்கிலேயர் இச்சொல்லை ஆள்வர். இது 'ஒன்றைப்போல் மற்றொன்று' என்று மட்டும் பொருள்படும் சொல் என நம்மிற் பலர் எண்ணுகின்றனர். அவ்வாறு கொள்வது குறைவுடைய பொருள் என்பதே என் கருத்து. இச்சொல் பிறந்த வரலாற்றை அறிந்தால் அக்குறை விளங்கும்.

இச்சொல்லின் முற்பகுதி, 'எதிராக' என்று பொருள்படும் 'கான்ட்ரா' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பிற்பகுதி, 'கூறு' என்று பொருள்படும் 'பார்ஸ்' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இரண்டும் பழைய பிரெஞ்சு மொழியில் ஒன்றாய் இணைந்து, ஏறத்தாழ 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்திற் புகுந்தன. எனவே, 'எதிர்ப்பாதி' என்பதே இதன் நேர்ப்பொருளாகும். 'எதிர்' என்றவுடன் பகைமையை எண்ண வேண்டா. நம் எதிர்வீட்டில் வாழ்பவர் நமக்குப் பகைவரோ? நம் வாயிலை நோக்கித் தம் வாயிலை அமைத்துக் கொண்டவர், அவ்வளவே. இச்சொல்லில் உள்ள எதிர்ப்பும் அத்தகையதே.

இச்சொல் முதன்முதலில் வழங்கியது அமைச்சர்களிடையே அன்று. ஆவணம் எழுதுவோரிடையே ஆகும். ஒருவர் தம் நிலத்தைக் குத்தகைக்கு விடுகிறார் என்று கொள்வோம். ஆங்கில நாட்டு வழக்கப்படி அதற்கு இரண்டு படிகள் எழுதப்பெறும். நிலவுடைமையாளர் கையொப்பமிட்ட படி குத்தகைதாரரிடம் இருக்கும். குத்தகைதாரர் கையொப்பமிட்ட படி உடைமையாளரிடம் இருக்கும். இப்பிற்படியே 'கவுன்டர்பார்ட்' எனப்பட்டது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஒவ்வொருவரும் பாதுகாத்து வைப்பது தம் வாக்கை அன்று. மற்றவர் தமக்கு அளித்த வாக்கையே. அவன் சொல் இவன் பெட்டியிலும், இவன் சொல் அவன் பெட்டியிலும் இருக்குமாயின், சொன்ன சொல்லை மாற்றுதல் இருவர்க்கும் அரிதாகும்.

இன்னும் பழைய காலத்தில் இதனினும் வியப்பான முறை ஒன்று இருந்தது. ஒரே தோலில் ஒப்பந்தத்தை இருமுறை எழுதுவர். இரண்டிற்கும் இடையே உள்ள வெற்றிடத்தில் ஒரு சொல்லைப் பெரிய எழுத்துகளில் பொறிப்பர். பின்னர் அவ்வெழுத்துகளின் நடுவே, வாளின் பற்களைப்போல் வளைந்து வளைந்து செல்லுமாறு தோலை வெட்டி, இருவர்க்கும் ஒவ்வொரு கூறு அளிப்பர். பிற்காலத்தில் வழக்கு எழுந்தால், இரண்டு கூறுகளையும் சேர்த்து வைத்துப் பார்ப்பர். பல்லோடு பல் பொருந்தி, பிளந்த எழுத்துகள் ஒன்று கூடினால் ஆவணம் மெய், இல்லையேல் பொய். இலத்தீனில் 'டென்ஸ்' என்றால் பல். அதனால் இத்தகைய ஆவணம் 'இன்டென்சர்' என்று பெயர் பெற்றது. 1195ஆம் ஆண்டு முதல், அரசரின் நீதிமன்றத்தில் முடிவான நில உடன்பாடுகளுக்கு இருவர்க்கும் இரண்டு கூறுகள் அளித்ததோடு, தோலின் அடியில் மூன்றாவது கூறும் எழுதி, அதனை அரசு கருவூலத்தில் சேர்த்து வைத்தனர்.

எழுத்தறியாத மக்கள் நிறைந்திருந்த காலத்தில் கோலும் இப்பணியைச் செய்தது. கருவூலத்தில் ஒருவர் பணம் செலுத்தினால், ஒரு மரக்கோலில் அத்தொகைக்கு ஏற்ப வெட்டுகள் இடுவர். ஆயிரம் பவுனுக்கு உள்ளங்கைப் பருமன், நூறு பவுனுக்குக் கட்டைவிரற் பருமன், இருபது பவுனுக்குச் சிறுவிரற் பருமன், ஒரு பவுனுக்கு ஒரு வாற்கோதுமை மணியின் பருமன் என வெட்டுகளுக்கு அளவு இருந்தது. பிறகு கோலை நெடுக்காகப் பிளப்பர். வெட்டுகள் இரண்டு பாதியிலும் ஒரே வகையாய் அமையும். ஒரு பாதி பணம் செலுத்தியவரிடமும், மறு பாதி கருவூலத்திலும் இருக்கும். ஒருவர் தம் பாதியில் வஞ்சகமாக ஒரு வெட்டைக் கூட்டினாலும் மறு பாதி அதனைக் காட்டிக் கொடுத்துவிடும். இக்கோலின் பெயர் 'டேலி'. கடைக்காரர் மாலையில் கணக்கை முடித்து, 'டேலி ஆகிவிட்டது' என்று மகிழ்கிறாரே, அச்சொல்லின் பிறப்பு இதுவே. இக்கோல்களின் வழக்கு 1826இல் நின்றது. எஞ்சிய கோல்களை 1834ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் பிரபுக்கள் அவையின் அடித்தளத்து உலையிலிட்டு எரித்தனர். அத்தீ பரவி, இலண்டனின் பாராளுமன்ற மாளிகையே பெரும்பாலும் எரிந்து போயிற்று.

நம் மொழியிலும் எண்ணத் தக்க ஒரு சொல் உண்டு. 'முறி' என்றால் உடைந்த துண்டு. 'முறி' என்றால் எழுதிய ஆவணமும் ஆகும். இலங்கைத் தமிழர் இன்றும் அரசாங்கக் கடன் பத்திரத்தைப் 'பிணைமுறி' என்றே வழங்குகின்றனர்.

இவற்றால் நாம் அறிவது யாது? எதிர்ப்பாதி என்பது வெறும் ஒப்புமை அன்று. கண்ணாடியில் தோன்றும் உருவம் நம்மை ஒத்திருக்கிறது. ஆனால் அது நம் எதிர்ப்பாதி ஆகாது. நாம் பொய் காட்டினால் அதுவும் பொய் காட்டும். கோலின் மறு பாதியோ, நாம் பொய் காட்டும்போது மெய் காட்டும். அதற்குத் தனிக்கை வேண்டும், தனியிடம் வேண்டும், நம்மைத் தடுக்கும் ஆற்றலும் வேண்டும். இம்மூன்றும் இல்லாதபோது இரண்டு படி இருந்தாலும், இரண்டாயிரம் படி இருந்தாலும் பயன் இல்லை.

இதற்குச் சான்று தேடி நாம் தொலைவில் அலைய வேண்டா. நம் முன்னோர் வரலாற்றிலேயே அது துயர எழுத்துகளால் எழுதப்பட்டிருக்கிறது. 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் நாட்டை அடைந்தது. கரும்புத் தோட்டங்களில் உழைப்பதற்காக முந்நூற்றுக்கும் மேற்பட்ட நம் மக்கள் அதில் வந்திறங்கினர். அன்று தொடங்கி 1911 வரை ஏறத்தாழ 1,52,000 இந்தியர் நேட்டாலுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர். அவர்களைப் பிணித்த ஒப்பந்தத்தின் பெயர் என்ன தெரியுமா? 'இன்டென்சர்' என்பதே! இரு கூறும் பொருந்தினாலன்றி மெய்யாகாது என்று விதித்த அப்பழைய ஆவணத்தின் பெயரே இவ்வொப்பந்தத்திற்கும் பெயராயிற்று. 'அக்ரிமென்ட்' என்னும் ஆங்கிலச் சொல் அம்மக்கள் நாவில் 'கிர்மிட்' எனத் திரிந்தது.

பெயர் பழைய பெயர்தான், உயிரோ போய்விட்டது. அவ்வேழைகளுட் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். தாம் கைநாட்டு வைத்த தாளில் என்ன எழுதியிருந்தது என்பதைப் பிறர் சொல்லித்தான் அறிந்தனர். சாதாரண வேலையாள் ஒருவன் இடையில் வேலையை விட்டால், அவன்மேல் உரிமை வழக்கே தொடுக்க முடியும். ஒப்பந்தத் தொழிலாளி விட்டாலோ, அது குற்றமாகி அவனைச் சிறைக்கு அனுப்பும். ஒரு பாதி இரும்பாகவும் மறு பாதி வைக்கோலாகவும் இருந்த கோல் அது.

1894ஆம் ஆண்டில் டர்பன் நகரில் ஒரு நாள், காந்தியடிகளின் அலுவலகத்திற்குப் பாலசுந்தரம் என்னும் தமிழர் வந்தார். ஆடை கிழிந்திருந்தது, முன்பற்கள் உடைந்து வாயிலிருந்து குருதி வழிந்தது, தலைப்பாகையைக் கையில் ஏந்தி நடுங்கி நின்றார். அவருடைய முதலாளி அவரை அடித்திருந்தான். காந்தியடிகளின் எழுத்தர் ஒரு தமிழர். அவர் வாயிலாகவே நடந்தது தெரிந்தது. காந்தியடிகள் அவரை மருத்துவரிடம் அனுப்பிக் காயங்களுக்குச் சான்று பெற்றார். நீதிபதியிடம் அழைத்துச் சென்றார். முடிவில் அவருடைய ஒப்பந்தத்தை வேறொரு முதலாளிக்கு மாற்றச் செய்தார். தம் பாதியைத் தாமே ஏந்தி நிற்க இயலாத ஒருவருக்கு, அதை ஏந்த ஒரு கை கிடைத்தது. அச்செய்தி பரவியபின், ஒப்பந்தத் தொழிலாளர் பலர் காந்தியடிகளை நாடி வந்தனர்.

'எழுத்தறியாமை தொழிலாளியின் குறை. அதற்கு ஒப்பந்தம் என்ன செய்யும்?' என்று சிலர் வினவலாம். அவ்வினா நேர்மையானது அன்று. கோல் வெட்டிய பழங்காலத்தார் எழுத்தறியாதவரையும் ஏமாற்ற முடியாத ஒரு முறையைக் கண்டனர். விரலால் தடவினாலே கணக்கு விளங்கிற்று. எளியவனுக்கும் விளங்குமாறு ஆவணத்தை அமைப்பது வலியவனுடைய கடமையாகும். படித்து அறியும் ஆற்றலைத் தேடிக்கொள்வது எளியவனுடைய கடமையாகும். இக்கடமைகளுள் ஒன்று தவறினாலும் ஒப்பந்தம் என்பது ஒருவன் மற்றொருவன்மேல் வீசும் வலையாகிவிடும்.

மாணவர்களே! நாளை நீங்கள் வீட்டு வாடகைக்கும், வங்கிக் கடனுக்கும், வேலைக்கும் எத்தனையோ தாள்களிற் கையொப்பமிடப் போகிறீர்கள். கைப்பேசித் திரையில் 'ஏற்கிறேன்' என்னும் கட்டத்தைத் தொடுவதும் கையொப்பமே. அவ்வேளையில் இரண்டு வினாக்களை உங்களுக்குள் எழுப்புங்கள். 'எனக்குரிய பாதி என் கையில் இருக்கிறதா? அதில் உள்ளதை நான் படித்து அறிந்தேனா?' நீங்கள் வலியவராய், எதிரே எளியவர் ஒருவர் நிற்கும் நாளும் வரும். அன்று மூன்றாவது வினா ஒன்றையும் சேர்த்துக் கொள்ளுங்கள்: 'அவர் கையில் உள்ள பாதி, என் கையில் உள்ளதைப் போன்றே உறுதியானதுதானா?' அம்மூன்றாம் வினாவுக்கு 'ஆம்' என்று விடை கூற முடிந்தவரே, எதிர்ப்பாதி என்னும் சொல்லின் பொருளை முழுதும் உணர்ந்தவர் ஆவார்.