ஆறு ஈன்ற நிலம்

புதுக்கோட்டை மாவட்டத்தின் கீழ்க்கோடியில், கடலோரத்தில் அமைந்த ஊர் கட்டுமாவடி. கரையில் மீனவர் வலை உலர்த்துவர். உள்நாட்டில் சிறிது தொலைவு சென்றால் நெல்வயல்களைக் காணலாம். காவிரிப் பாசனப் பரப்பின் தென் விளிம்பு இப்பகுதி. 2020ஆம் ஆண்டு காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிய சட்டம், இவ்வூர் அடங்கிய மணமேல்குடி ஒன்றியத்தையும் அம்மண்டலத்தில் சேர்த்துள்ளது. சட்டம் காக்க முனைந்த அந்நிலத்தை நாம் காக்கின்றோமா? இதுவே இங்குச் சிந்திக்கத்தக்கது.

மாணவர்களே! கழிமுக நிலம் ஆறு ஈன்ற நிலமாகும். மலைகளில் கரைந்த மண்ணை வெள்ளம் சுமந்து வருகின்றது. கடலை நெருங்குமிடத்தில் வேகம் தளர்ந்து, சுமையை இறக்கி வைக்கின்றது. இவ்வாறு பல்லாயிரம் ஆண்டுகளாகப் படிந்த வண்டலே தஞ்சை, திருவாரூர், நாகைப் பகுதிகளின் வளமான வயல்கள். இம்மண் மென்மையானது, தன் எடையாலேயே நாளும் சிறிது சிறிதாக அமிழும் இயல்புடையது. அமிழும் அளவுக்குப் புதுவண்டல் வந்து படிந்தால் நிலம் நிலைக்கும். வாராதொழிந்தால் கடல் உட்புகும். ஆகவே கழிமுகம் என்பது முடிந்துபோன செல்வம் அன்று. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய செல்வமாகும்.

அப்புதுப்பித்தலை நாம் தடுத்துவிட்டோம். 1934ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை நீரைத் தேக்குகின்றது. நீருடன் வரும் மண்ணையும் தேக்குகின்றது. அதற்காக அணையைப் பழித்தல் நன்றியாகாது. அவ்வணையோடு எழுந்த கல்லணைக் கால்வாய் அன்றோ பட்டுக்கோட்டை, பேராவூரணி, அறந்தாங்கிப் பகுதிகளுக்குக் காவிரி நீரைக் கொணர்ந்தது! எனினும், ஒன்றைப் பெறுவதற்கு மற்றொன்றை இழந்தோம் என்பதை உணர்தல் வேண்டும். மேலிருந்து வரும் மண் குறைந்துவிட்டது, எனவே, கீழே ஆற்றில் எஞ்சியிருக்கும் மணல் நமது முதலாகும், வட்டியன்று.

‘குந்தித் தின்றால் குன்றும் மாளும்’ என்பது பழமொழி. நாமோ அம்முதலை வண்டி வண்டியாக அள்ளி விற்கின்றோம். மணல் அள்ளிய ஆற்றின் படுகை தாழ்கின்றது. கரைகளும் பாலங்களும் வலுவிழக்கின்றன. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. அணையின் முதுமை ஒரு காரணம் என்றனர். அளவு கடந்து மணல் எடுத்ததும் காரணம் என்று பலர் சுட்டினர்.

நிலத்தடி நீரை மிகுதியாக இறைப்பதனாலும் மண் விரைந்து அமிழும், உவர்நீரும் உட்புகும். வயலில் உவர்நீர் தேக்கி இறால் வளர்த்ததும் கேடு விளைத்தது. சர்வோதயத் தொண்டர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்கு வரம்புக்குள் இத்தகைய பண்ணைகள் அமைப்பதைத் தடுத்தது. பின்னர் 2005ஆம் ஆண்டின் சட்டம் விதிகளுக்குட்படுத்தி அவற்றை இசைந்தது. கடல் கொள்ளும் நிலம் ஒருவகை இழப்பு. உப்பாகிப் பயிர் விளையாத நிலம் மற்றொருவகை இழப்பு.

பிறநாடுகள் நமக்குப் பாடமாக உள்ளன. 1970ஆம் ஆண்டு அசுவான் பேரணை நிறைவுற்றபின் நைல் ஆற்றின் வண்டல் கடலை அடைவது நின்றது. கழிமுகக் கரை அரிக்கப்பட்டது. அமெரிக்காவின் மிசிசிப்பிக் கழிமுகம் அமைந்த லூசியானா மாநிலக் கடற்கரையில் 1932 முதல் 2016 வரை ஏறத்தாழ 4,800 சதுரக் கிலோமீட்டர் நிலம் மறைந்தது. உயர்ந்த கரைகள் வண்டலைப் பரவவொட்டாது தடுத்ததும், எண்ணெய்க்காக வெட்டிய கால்வாய்கள் உவர்நீரை உள்ளே விட்டதும் அதற்குக் காரணங்களுள் சில.

வீடு கட்ட மணல் வேண்டாவா என்று கேட்கலாம். வேண்டும், ஆனால் பாறையை உடைத்துச் செய்யும் மணல் இருக்கின்றது, ஆற்றுக்கு மாற்றாக வேறோர் ஆறு இல்லை. மணலை அளவோடு எடுத்தலும், நீரைச் சிக்கனமாக இறைத்தலும், முத்துப்பேட்டையிற் போன்ற அலையாத்திக் காடுகளைக் காத்தலும் நம் கடமைகளாகும். ஆறு பல்லாயிரம் ஆண்டுகளில் ஈன்ற நிலத்தை ஒரு தலைமுறையில் இழத்தல் அறமாகுமா? இளைஞர்களே, விடை உங்கள் கையில் உள்ளது.