பூட்டிய அலுமாரியில் ஓர் ஊசி

ஒருவருக்கு அமுதமாகும் உணவு மற்றொருவருக்கு நஞ்சாவதுண்டு. பால், முட்டை, கச்சான், இறால் முதலியன சில பிள்ளைகளின் உடலுக்கு ஒவ்வா. சிலருக்குத் தோலிலே தடிப்பு எழுந்து அடங்கிவிடும். வேறு சிலருக்கோ சில நிமிடங்களில் தொண்டை வீங்கி, மூச்சடைத்து, உயிருக்கே ஆபத்து நேரும். அவ்வேளையில் பிள்ளை பாடசாலையில் இருப்பின் யார் என்ன செய்வது?

கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் பெருவிலை கொடுத்தே இதற்கு விடை கண்டது. 2003ஆம் ஆண்டில் சப்ரினா ஷனன் என்னும் 13 வயது மாணவி, பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் உருளைக்கிழங்குப் பொரியல் வாங்கி உண்டாள். அவளுக்குப் பால் ஒவ்வாது. பாற்கட்டி பட்ட இடுக்கியால் அப்பொரியலும் எடுக்கப்பட்டிருக்கலாமெனக் கருதப்பட்டது. மூச்சுத் திணறியபோது, அதனைத் தொய்வு என்றே அவள் எண்ணினாள். உயிர்காக்கும் அட்ரினலின் ஊசியோ அவளுடைய அலுமாரியில் இருந்தது. அது வந்து சேருமுன் அவள் சாய்ந்துவிட்டாள்; பின்னர்ப் பிழைக்கவில்லை.

அவள் பெயரால் வழங்கும் சட்டம் 2005இல் நிறைவேறி, 2006 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நம்மவர் பிள்ளைகள் பெருந்தொகையாகப் பயிலும் மாகாணம் அதுவாதலின், இச்செய்தி நமக்கும் அந்நியமானதன்று. உயிராபத்தான ஒவ்வாமையுள்ள ஒவ்வொரு மாணவருக்கும் அதிபர் தனித்திட்டம் வகுத்தல் வேண்டும். ஊழியர் யாவரும் காலந்தோறும் பயிற்சி பெறல் வேண்டும். ஆபத்து வேளையில், முன்அனுமதி இல்லாவிடினும் ஊழியர் ஊசி ஏற்றலாம். பிள்ளையின் நிலையை அதிபருக்கு அறிவித்தல் பெற்றோரின் கடமை.

மருந்து இருந்தால் மட்டும் போதாது. அது கைக்கெட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும். அதனைப் பயன்படுத்த அறிந்தவரும் அருகில் இருத்தல் வேண்டும். தொடையின் வெளிப்புறத்தில் ஊசியை ஏற்றி, உடனே அம்புலன்ஸை அழைத்து, பிள்ளையைக் கிடத்திக் கால்களை உயர்த்தி வைத்தலே முறை. மூச்சுத் திணறினால் அமர்ந்திருக்கவிடலாம், எழுந்து நடக்கவிடலாகாது. ஒவ்வாமைக்குரிய குளிசை இவ்வூசிக்கு ஈடாகாது.

மாணவர்களே! "ஒரு வாய் தின்றால் என்ன?" என்று தோழரை வற்புறுத்தாதீர்கள். அவர் வேண்டாமென்பது செருக்கினாலன்று, உயிரச்சத்தினால். பெற்றோரே! உங்கள் பிள்ளைக்கு ஒவ்வாதது எதுவென ஆசிரியர் அறிவாரா? நாளைக் காலையே சொல்லிவிடுங்கள்.